தாழ்மையும் தலைநிமிர்வும்: திருச்சிராப்பள்ளி கண்ட சுவார்ட்ஸ் ஐயர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். நம் சமுதாயத்தில் தோன்றிய தலைவர்களுள் ஒருவரை எடுத்து எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினோம். ஆயினும் மாலை வகுப்பில் மாணவன் ஒருவன் எழுப்பிய வினா எங்கள் நெஞ்சைவிட்டு நீங்காமல் இருந்தது. பணிவு நற்பண்பு என்று பாடநூல் சொல்கிறது. கிறிஸ்தவ வேதமும் தாழ்மையைப் போற்றுகிறது. ஆனால் நம் பாட்டன்மார் பணிந்து பணிந்தே முதுகு வளைந்து போனார்களே, நாமும் இன்னும் பணிந்துதான் வாழவேண்டுமா என்பதே அவன் வினா. அன்று அவனுக்கு நாங்கள் சொன்ன விடை எங்களுக்கே நிறைவு தரவில்லை. ஆகவே, தாழ்மைக்குப் பெயர்பெற்ற ஒருவரின் வாழ்க்கையையே அலசிப் பார்ப்பது என்று துணிந்தோம். நம் மாவட்டத் தலைநகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரே அவர்.

கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அன்றைய பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் குழந்தையாய் இருக்கும்போதே தாயார் இறந்தார். சாகுந்தறுவாயில் அவ்வம்மையார் தம் மகனை இறைபணிக்கே ஒப்புவித்ததாக அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் பயிலும்போது, தமிழகத்தில் பணிபுரிந்து திரும்பியிருந்த சூல்ட்சு ஐயர் அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அம்முயற்சிக்கு உதவும்பொருட்டுச் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அச்சுவேலை நிறைவேறவில்லை. ஆனால் கற்ற தமிழ் அவரைத் தமிழ்நாட்டிற்கே அழைத்து வந்தது. கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, 1750ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். நான்கே திங்களில், சீகன்பால்க் ஐயர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழிலேயே அருளுரை ஆற்றினார்.

அவர் வந்த காலத்தின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். கருநாடகப் போர்கள் நடந்த காலம் அது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நவாபும் மராட்டியரும் மைசூராரும் மாறிமாறி இம்மண்ணை மிதித்தனர். வெள்ளையர் என்றால் கொள்ளையர் என்று மக்கள் அஞ்சினர். வணிகர்களும் படைத்தலைவர்களும் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வம் திரட்டிக்கொண்டு கப்பலேறினர். அத்தகைய நாளில், 1762ஆம் ஆண்டு, சுவார்ட்ஸ் தரங்கம்பாடியிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

திருச்சியில் அவர் தங்கிய இடம் ஒரு பழைய கட்டடத்தின் சிற்றறை. கட்டிலைப் போட்டபின் ஓர் ஆள் நிற்கவே அதில் இடம் இருந்ததாம். உணவு சோறும் காய்கறியும். உடை, கருஞ்சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணி. கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி தொடங்கினார். இன்று புத்தூரில் இயங்கும் பிஷப் ஹீபர் கல்லூரி தன் தொடக்கத்தை அவர்தம் கல்விப் பணியிலிருந்தே கணக்கிடுகிறது. தெப்பக்குளத்தை அடுத்த கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் படைக்கப்பட்டது. மறு ஆண்டு கும்பெனி அரசு அவரைப் படையினரின் குருவாக அமர்த்தி, ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியம் அளித்தது. அதிற் பாதியைப் பள்ளிக்கும் சபைக்குமே செலவிட்டார். காலையில் உபதேசியார்களை ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்களோடு அமர்ந்து அன்று கண்டதையும் கேட்டதையும் உசாவுவார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தமிழோடு மராட்டியம், பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துக்கேயம், ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்றார். பிறரிடம் பேசுமுன் அவர்தம் மொழியைக் கற்க வேண்டும் என்று ஒருவன் கருதுவதே தாழ்மையின் முதற்படி என்பது எங்கள் கருத்து.

எளிய உடையும் எளிய உணவும் மட்டும் தாழ்மை ஆகிவிடா. நம் சேரிகளில் அவ்விரண்டும் தலைமுறை தலைமுறையாக இருந்தன. அவற்றை எவரும் பண்பு என்று போற்றியதில்லை. உயர்ந்த இடத்தை அடையக் கூடியவன், அதை வேண்டாமென்று விட்டுவரும்போதே அதற்குத் தாழ்மை என்று பெயர். ஏறவிடாமல் தடுக்கப்பட்டவனின் நிலைக்கு அப்பெயரைச் சூட்டுவது ஏமாற்று. கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றிப் பவுல் அடிகளார் பிலிப்பியருக்கு எழுதியதும் இதுவே: இறைநிலையில் இருந்தவர் தாமாக இறங்கி வந்தார் என்பதே அவர் காட்டும் பெருமை. சீடர்களின் கால்களைக் கழுவியவர், தாம் அவர்களுக்கு ஆசான் என்பதை மறந்து கழுவவில்லை, அறிந்தே கழுவினார்.

இவ்வளவுகோலைக் கொண்டு சுவார்ட்ஸ் ஐயரைப் பார்ப்போம். 1779ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரை அழைத்து, மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் தூது செல்லப் பணித்தார். ஆங்கிலேயர்மீது நம்பிக்கை இழந்திருந்த ஐதர், இப்பாதிரியாரை மட்டும் நம்பினார் என்பர். சுவார்ட்ஸ் தஞ்சையிலிருந்து திருச்சி வந்து, கரூர் சென்று, அங்குச் சில வாரங்கள் தங்கியபின் கெசலட்டிக் கணவாய் ஏறி, ஆகஸ்டுத் திங்களில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார். இன்றும் திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலை, குளித்தலை வழியாக, நம் முசிறிக்கு எதிர்க்கரையில்தான் செல்கிறது. ஐதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமரச் செய்து பேசினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென முந்நூறு ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் அப்படியே ஒப்படைத்தார். அரசு அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். தூதுப்பணிக்கென அரசு தரவந்த பரிசையும் மறுத்தார். தஞ்சையில் கட்டும் ஆலயத்திற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும், திருச்சியில் தமக்குப்பின் பணியேற்ற போலே ஐயருக்கு ஊதியமும் கேட்டார். தமக்கென ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரிசை மறுத்த கை, வேறொருவரின் முன் நீளத் தேவையில்லாத கை. அரசரிடமும் ஆளுநரிடமும் ஒன்றும் வாங்காத காரணத்தால் எவரிடமும் உள்ளதை உள்ளவாறே சொல்ல அவரால் இயன்றது. தஞ்சை அரசர் துளசா மகாராசா அவரைப் பெரிதும் மதித்தார். அம்மதிப்பைக் கொண்டு சுவார்ட்ஸ் தமக்கு நிலமோ பட்டமோ தேடவில்லை. அரசின் வரிக்கொடுமையை அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். தாழ்மையும் தன்மதிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்போர் இவ்விடத்தை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

1780இல் ஐதரின் படை கருநாடகத்தில் பாய்ந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிக்கரைகள் உடைக்கப்பட்டன, பஞ்சம் வந்தது. அந்நிலையிலும் சுவார்ட்ஸ் பாதிரியாரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஐதர் தம் தலைவர்களுக்கு ஆணையிட்டிருந்தார். 1781இல் தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் வீதியில் விழுந்து மாண்டனர். வெளியூர்களில் நெல் இருந்தது; கொண்டுவர மாடுகள் இல்லை. முன்னர் நெல்லும் மாடும் கொடுத்தவர்களுக்கு அரசு பணம் தராமல் ஏமாற்றியிருந்ததால், குடியானவர்கள் அசையவில்லை. அரசரின் வாக்கை ஒருவரும் நம்பவில்லை. கும்பெனியின் வாக்கையும் நம்பவில்லை. இறுதியில், விலையைத் தம் கையாலேயே தருவதாகச் சுவார்ட்ஸ் எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி ஒவ்வொருவருக்கும் விலையை எண்ணிக் கொடுத்தார். அதற்குமுன் மலிவாய் வாங்கிச் சேர்த்துவைத்திருந்த நெல்லைக்கொண்டு ஏழைகளுக்கு உணவளித்தும் வந்தார்.

பின்னர் வரிக்கொடுமை தாளாமல் குடிகள் தஞ்சை நாட்டைவிட்டே ஓடினர். வயல்கள் தரிசாய்க் கிடந்தன. திரும்பி வாருங்கள், உங்களுக்கு அநியாயம் நேராது என்று அவர் சொல்லியனுப்பியபோது, ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தனர். தஞ்சை வயலில் சேற்றில் இறங்கியோர் பெரும்பாலும் நம் முன்னோரே என்பதை நினைக்கும்போது, இச்செய்தி நமக்கு இன்னும் நெருக்கமாகிறது. 1786இல் தஞ்சை நிருவாகத்தைக் கவனிக்க அரசு அமைத்த குழுவில் அவரை உறுப்பினராகச் சேர்த்தபோது, குடிகளை வற்புறுத்தித் துன்புறுத்தும் செயலில் தமக்குப் பங்கில்லை என்ற உடன்பாட்டின்மீதே அவர் சேர்ந்தார்.

1787இல் துளசா மகாராசா இறக்குந்தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோசியையும் அரசையும் அவரிடம் ஒப்படைக்க விரும்பினார். ஒரு நாடே கைக்கு வந்தது. சுவார்ட்ஸ் ஏற்கவில்லை; அரசரின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பை ஒப்புவிக்குமாறு கூறினார். அந்த யோசனை நன்றாய் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமர்சிங் சிறுவனை அடைத்து வைத்துக் கல்வியும் இன்றி வாட்டினார். சுவார்ட்ஸ் தலையிட்டு, 1793இல் சரபோசியைச் சென்னைக்கு அழைத்துச் சென்று கல்விக்கு வழிசெய்தார். பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்துப் புகழ்பெற்ற இரண்டாம் சரபோசி மன்னர் இவரே.

இதுவரை சொன்னவற்றைப் பாடநூல்களும் சொல்லும். இனிச் சொல்லப் போவது நம் மலரில் சொல்லியே ஆகவேண்டியது.

தஞ்சைப் பகுதியில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். பறையர் குலத்திற் பிறந்தவர். ஏறத்தாழ 1700இல் தோன்றியவர். தஞ்சை அரசரின் படையில் போர்வீரராய் இருந்தவர். இளமை கடந்தபின் எழுத்துக் கற்று, கையிற் கிடைத்த தமிழ்ச் சுவிசேஷ நூலைப் படித்துப் படித்து, 1727இல் தாமாகவே தரங்கம்பாடிச் சபையைத் தேடிச் சென்றார். படையை விட்டு உபதேசியார் ஆனார். எதிரிகள் தாக்கியதில் தந்தையை இழந்தார், பணியை விடவில்லை. தமிழருள் முதல் குருவாக ஆரோன் 1733இல் பட்டம் பெற்றார், அவர் வேளாளர். 1741இல் இரண்டாமவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, இராஜநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அவர் தகுதியில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர் கூசுவர் என்று கருதி, தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தனர். அப்பமும் இரசமும் எவர் கையில் இருந்தால் தீட்டாகும் என்று ஆராய்ந்த சபை, அந்த விருந்தை முதலில் படைத்தவர் தொழுநோயாளரைத் தொட்டவர் என்பதை மறந்தது. செருக்கு என்பது இதுதான். பட்டும் பொன்னும் அணிவதைவிட, பிறனுடைய கையைக் கண்டு அருவருப்பதே பெருஞ்செருக்கு.

இந்தத் தீர்ப்பு நடந்தபோது சுவார்ட்ஸ் ஜெர்மனியில் பள்ளிச் சிறுவர். அதில் அவருக்குப் பங்கில்லை. எனினும் அவர் இந்நாட்டுக்கு வந்தபின் இராஜநாயக்கன் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். சுவார்ட்ஸ் தலைமை தாங்கிய சபைகளிலும் நம்மவர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமுமாகவே அமர்ந்தனர். சாதி வேற்றுமை அறிவு வளர வளரத் தானே தேயும், வலிந்து நீக்கினால் சபை உடையும் என்று அவர் எண்ணினார். 1790இல் அவர் சபையில் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிச் சீமையில் பணிபுரிந்த சத்தியநாதனும் வேளாளரே. அரசரின் அநியாயத்தை முகத்துக்கு நேரே சொன்ன அந்த நா, ஆலயத்துக்குள் இருந்த அநியாயத்தைக் கண்டு பொறுமை காத்தது. தம் செருக்கை முற்றும் அடக்கிய அப்பெரியவர், தம் சபையாரின் செருக்கை அடக்கவில்லை. அவரை மதிக்கும் நாங்களே இதை எழுதுகிறோம், மதிப்பதாலேயே எழுதுகிறோம்.

தானே தேயும் என்று அவர் நம்பியது தேய்ந்ததா? அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1833இல், பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென்று கடிதம் எழுதினார். 1835 சனவரியில் தஞ்சைக்கும் திருச்சிக்கும் தாமே வந்தார். ஒன்றாய் அமர்வதற்கும் ஒன்றாய்த் திருவிருந்து பெறுவதற்கும் உடன்படாமல் தஞ்சையில் பெருந்தொகையான மேல்சாதியார் சபையைவிட்டே விலகினர். சிறுவனாய் இருந்தபோது சுவார்ட்ஸ் ஐயர் அழைத்து வந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரும் இம்மாற்றத்தை எதிர்த்தவருள் ஒருவர். இன்பத் தமிழில் இறைவனைப் பாடிய அப்புலவருக்கு அந்த ஒரு படி இறங்க மனம் வரவில்லை. காத்திருந்தால் செருக்கு தானே கரையும் என்பது பொய்த்தது.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். இராஜநாயக்கன் மறுக்கப்பட்டபின் முப்பது ஆண்டுகள் அதே பணியில் இருந்தாரே, அது அடிமைப் பணிவா? அவ்வாறு நாங்கள் கருதவில்லை. தம் மதிப்பைச் சபையாரின் தீர்ப்பிலிருந்து அவர் பெறவில்லை. ஆகவே அத்தீர்ப்பால் அது குறையவும் இல்லை. எவரும் அனுப்பாமல் தாமே எழுத்துக் கற்றவர், தாமே வழி தேடியவர் அவர். ஆனால் அவர் பொறுமையைக் காட்டி நம் இளைஞரைப் பொறுமையாயிருக்கச் சொல்வோர் உண்டு. அது அவருக்குச் செய்யும் இரண்டாம் அநியாயம். பொறுக்க வேண்டிய நிலையில் அவரை வைத்தவர்களைப் பற்றிப் பேசாமல் அவர் பொறுமையை மட்டும் பாராட்டுதல் எளிது.

வேதத்திலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. பிரதான ஆசாரியனின் முன் காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது, அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆயினும் வாய்மூடி நிற்கவும் இல்லை. தாம் சொன்னது தவறாயின் அதைக் காட்டுமாறும், தவறில்லையாயின் அறைந்த காரணத்தைக் கூறுமாறும் கேட்டார். பிலிப்பு நகரில் விசாரணையின்றிப் பவுலை அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள், மறுநாள் அவரை இரகசியமாய்ப் போகச் சொல்லியனுப்பினர். அவர் போக மறுத்தார், பலர் அறிய அடித்தவர்கள் தாமே வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார், அவர்களும் வந்தனர். தாழ்மையைப் பற்றி அவ்வளவு எழுதியவர் இவரே. அயலானை நேசிக்கும் அளவாக வேதம் வைப்பது, ஒருவன் தன்னை நேசிக்கும் அளவையே. தன்னையே இழிவாய் எண்ணுகிறவனிடம் அயலானுக்குக் கொடுக்க என்ன இருக்கும்? அரசு அலுவலகத்தில் மனுவோடு நிற்கும்போதும், நேர்முகத் தேர்வில் அமரும்போதும், தேநீர்க் கடையில் குவளை நீட்டப்படும்போதும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது இந்த நிமிர்வே. அதே பிள்ளை பதவி பெற்றபின் தன் சேரிக்கு வந்து தரையில் அமர்ந்து ஒரு சிறுவனுக்கு எழுத்துச் சொல்லித் தருவானாயின், அப்போது அவனுடைய தாழ்மையைப் பற்றிப் பேசலாம்.

சுவார்ட்ஸ் ஐயர் 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் காலமானார். அவருக்கு வயது எழுபத்தொன்று. சேர்த்த பொருளைச் சபைப் பணிக்கே எழுதி வைத்திருந்தார். இறுதிச் சடங்கில் சரபோசி கண்ணீர் வடித்து நின்றார். அரசரானபின், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்துச் சிவகங்கைக் குளக்கரை ஆலயத்தில் நிறுவினார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை இளவரசர் பற்றியிருப்பதாக அதில் செதுக்கப்பட்டுள்ளது. மன்னரும் பாதிரியாரும் கைபற்றி நிற்பது கல்லில் நிலைத்துவிட்டது. இராஜநாயக்கனின் கையை எவரும் செதுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் நம் மாணவர் சிலரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றோம். பெரிய கோயிலைப் பார்த்தபின் அவ்வாலயத்துக்கும் போனோம். சிற்பத்தின் சிறப்பை நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதே மாலை வகுப்பு மாணவன் வேறொன்று கேட்டான்: அந்நாளில் நம்மவர் எந்தப் பக்கம் அமர்ந்தார்கள் என்று. இரு புறமும் இருக்கைகள் ஒன்றுபோலவே இருந்தன. அவன் சற்று நேரம் இரு பக்கமும் பார்த்துவிட்டு, நேரே சென்று முன்வரிசையில் அமர்ந்தான். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராய்ப் போய் அமர்ந்தனர். பேருந்துக்கு நேரமாகும்வரை நாங்கள் அவர்களை எழுப்பவில்லை.